போஸ்டர்ல அம்மா பேரு

வாசகர் கடிதம்:

வணக்கம் அக்கா,

என் பேரும் ஊரும் போட வேண்டாம். எங்கப்பா பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆனா ஊருக்கு அவரு வாலிபால் கோச், 30 வருஷத்துக்கு மேல காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுல விசில் ஊதுனவரு. போன மாசம் எங்கம்மா தவறிட்டாங்க. அப்பாகிட்ட வெளையாடுன பசங்க ஊர் பூரா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுனாங்க, நல்ல மனசோட செஞ்சதுதான். ஆனா "வாலிபால் கோச் அவர்களின் துணைவியார்"னு பெருசா போட்டு, அதுக்குக் கீழ அம்மா பேரு பொடி எழுத்துல இருந்துச்சு. அதைப் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல.

முதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு சின்ன மலர் போடலாம்னு இருக்கோம். அம்மாவைப் பத்தி நான் எழுதணும்னு உக்காந்தா அப்பா ஜெயிச்ச கப்பு, அப்பா பசங்க ரயில்வேல போலீஸ்ல வேலைக்குப் போனது, இதுதான் வருது. அம்மா நடுவுல சோறு போட்டுட்டு உள்ள போயிடறாங்க. ராத்திரி மேட்ச் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு டீமோட அப்பா வந்தாலும் எந்திரிச்சு அடுப்பு பத்த வப்பாங்க, ஜெர்சி எல்லாம் அவங்கதான் தொவைப்பாங்க. சின்ன வயசுல எனக்கும் தங்கச்சிக்கும் அதுல கோவம், நம்ம அம்மாவை இவனுங்க பங்கு போட்டுக்கறானுங்களேன்னு. அம்மா அதெல்லாம் பிடிச்சுத்தான் செஞ்சாங்களான்னு இப்ப கேக்கத் தோணுது, இருந்தப்ப கேக்கல. எப்படி எழுதறதுன்னு நீங்கதான் சொல்லணும்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாளா அந்த போஸ்டர் ஞாபகமாவே இருந்தேன். அந்தப் பசங்க மேல வருத்தம் வச்சுக்காதீங்க. நம்ம பக்கம் ஒரு வீட்டம்மாவை யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கா, அவங்களுக்கு உங்கம்மா மாஸ்டர் வீட்டம்மா, இல்லன்னா வெறும் அம்மா, அவ்வளவுதான். போஸ்டர் அடிக்கக் குடுக்கறப்பதான் பேரு என்னன்னே பாதிப் பேரு கேட்டுத் தெரிஞ்சிருப்பாங்க.

பேருன்னு நீங்க எழுதுனதும் எனக்கு நெல்லி வுட்டன் ஞாபகம்தான் வந்துச்சு. அமெரிக்காவுல ஜான் வுட்டன்னு ஒரு பேஸ்கட்பால் கோச், லாஸ் ஏஞ்சல்ஸ்ல யூ.சி.எல்.ஏ.ங்கற யுனிவர்சிட்டி டீமுக்கு 1948ல இருந்து 1975 வரைக்கும் கோச்சா இருந்தவரு, கடைசி 12 வருஷத்துல மட்டும் 10 தடவை தேசிய சாம்பியன், நடுவுல தொடர்ந்து 88 மேட்ச் தோக்கவே இல்ல. அவரோட வீட்டுக்காரம்மாதான் நெல்லி, சுருக்கமா நெல். 2003ல அந்த யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல வெளையாடற தரைக்கு அவரு பேரை வக்கணும்னு வந்து கேட்டாங்க. அப்ப அவருக்கு 93 வயசு, நெல்லி போய்ச் சேந்து 18 வருஷம் ஆச்சு. வைங்க, ஆனா அவ பேரு முதல்ல வரணும்னு சொல்லிட்டாரு. பாலி பெவிலியன்ங்கற அந்த ஸ்டேடியத் தரைக்கு இன்னைக்கும் நெல் அண்ட் ஜான் வுட்டன் கோர்ட்னுதான் பேரு.

எவ்வளவு நல்ல புருஷன் பாத்தியான்னு சொல்ல நான் இதை எடுக்கல. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, முக்கியமா அந்த லெட்டர் கதை. அந்தம்மா 1985 மார்ச் 21ஆம் தேதி இறந்தாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் 21ஆம் தேதி அவரு ஒரு லெட்டர் எழுதி அவங்க தலையணை மேல வச்சிக்கிட்டு வந்தாரு, கண்ணு மங்கிப் போற வரைக்கும் வருஷக்கணக்கா எழுதுனாரு. படிச்சா யாருக்கும் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைச்சுது, ஆனா அதுல நாம பாக்கறது எழுதற அவரைத்தான், நெல்லி அங்க ஒரு தலையணையா மட்டும்தான் இருக்காங்க. எனக்கு நெல்லி யாருன்னு தெரிஞ்சது அவரு சொன்ன வேற ஒரு கதையில.

1926 கோடை லீவு. இண்டியானாவுல ஒரு சின்ன கிராமம், அவரு வயல்ல ஏர் ஓட்டிக்கிட்டு இருக்காரு, 15 வயசுப் பையன், உடம்பெல்லாம் வேர்வையும் புழுதியும். ரோட்டுல ஒரு கார் வந்து நிக்குது, அதுல நெல்லியும் கூட ரெண்டு பேரும், இவரை வான்னு கை காட்டறாங்க. இவரு போகவே இல்ல, அந்தப் பக்கமே திரும்பாம ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஸ்கூல் தொறந்ததும் அந்தப் பொண்ணு நேரா வந்து கேட்டுச்சு, உன்னைப் பாக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தோம், ஏன் மதிக்கலன்னு. நான் இருந்த கோலத்தைப் பாத்து சிரிப்பீங்கன்னு நெனச்சேன்னு இவரு சொல்ல, நான் உன்னைப் பாத்து என்னைக்கும் சிரிக்க மாட்டேன்னு சொல்லிச்சாம். பாருங்க தம்பி, கார்ல வந்ததும் அந்தப் பொண்ணு, வந்து கேட்டதும் அந்தப் பொண்ணு. 52 வருஷக் குடும்பத்துக்கு முதல் அடியை எடுத்து வச்சது நெல்லிதான்.

அப்புறம் நடந்ததை எல்லாம் இதோட சேத்துப் பாத்தா வேற மாதிரி தெரியும். ஸ்கூல் பேண்டுல கார்னெட்ங்கற ஊதுகுழல் வாசிக்க நெல்லி உக்காந்திருப்பாங்க, மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவரு அந்தப் பக்கம் திரும்பி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்துக் காட்டுவாரு, கோச் ஆன பிறகும் கூட்டத்துல அவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு அதைக் காட்டாம மேட்ச் ஆரம்பிச்சதில்ல. 1932 ஆகஸ்டுல கல்யாணம், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேங்க் திவாலாகி அவரு சேத்து வச்சிருந்த 909 டாலர் சொச்சமும் போச்சு, கடன் வாங்கித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1948லயும் ரெண்டு பேருக்கும் ஊர்ப் பக்கமா மினசோட்டா யுனிவர்சிட்டி கோச் வேலைக்குப் போகத்தான் ஆசை, பனிப்புயல்ல போன் லைன் போயி அங்க இருந்து வர வேண்டிய கால் நேரத்துக்கு வரல, அதுக்குள்ள இவரு யூ.சி.எல்.ஏ.வுக்கு வாக்கு குடுத்துட்டாரு. போன இடத்துல முதல் சாம்பியன் பட்டம் வர 16 வருஷம் ஆச்சு. சம்பளம் பத்தாம கொஞ்ச வருஷம் காலையில ஒரு பால் கம்பெனியில வேலை பாத்துட்டு அப்புறம் பிராக்டீஸுக்குப் போயிருக்காரு. அந்தப் பதினாறு வருஷமும் ஒரு பொண்ணு ஒரு பையனோட அந்த வீடு ஓடியிருக்கே, அதை ஓட்டுனது யாரு? கப்பு வரிசையில இதுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. நீங்க மாட்டிக்கிட்ட இடமும் இதுதான்னு நெனைக்கறேன்.

எங்க தெருவுல ஒரு கபடி மாஸ்டர் வீடு இருந்துச்சு, அந்த அத்தைதான் டீமுக்கு ஜெர்சி நம்பர் தைப்பாங்க. பழைய செவப்பு சேலையில அட்டையை வச்சு பென்சில்ல வரைஞ்சு வெட்டி, வாய்ல நாலு குண்டூசியைக் கடிச்சுக்கிட்டு பனியன் முதுகுல பொருத்துவாங்க. எட்டுதான் கஷ்டம், உள்ள ரெண்டு ஓட்டை இருக்குல்ல, பிளேடால அறுத்து ஓரத்தை மடிச்சு ஊசியால ஒட்டுவாங்க, அதுக்கே ஒரு சாயங்காலம் போயிடும். எதுக்கு அத்தை இவ்வளவு மெனக்கெடறீங்கன்னு ஒருநாள் கேட்டேன். வெளியூர்ல நம்ம பசங்க பேரு யாருக்குத் தெரியும், நம்பரைத்தான் பாப்பாங்க, அது கோணலா இருந்தா பையனும் கோணலாத்தான் தெரிவான்னாங்க. ஒருதடவை ஒரு பையனுக்கு மட்டும் தைக்க மாட்டேன்னுட்டாங்க, அவன் அவங்கம்மாவைக் கை நீட்டி அடிச்சிருக்கான். அவ வந்து சொல்லட்டும், தைக்கறேன்னாங்க. மாஸ்டர் எவ்வளவோ சொல்லியும் கேக்கல. அந்த மேட்ச்சுக்கு அவன் வெறும் பனியனோட வெளியதான் உக்காந்திருந்தான்.

உங்கம்மாகிட்டயும் இப்படி இருந்திருக்கும் தம்பி. பிடிச்சு செஞ்சாங்களான்னு நேரா கேக்க இனி வழியில்ல, அந்த வலி எனக்கும் தெரியும். ஆனா அவங்க எங்க மாட்டேன்னு சொன்னாங்க, எந்தப் பையனுக்கு மட்டும் கூட ஒரு முட்டை வச்சாங்க, யாரை வாசல்லயே நிறுத்தித் திட்டுனாங்க, ஜெர்சியை யாரும் தொடாம அவங்களே ஏன் தொவைச்சாங்க, இதெல்லாம் தெரிஞ்ச ஆளுங்க உயிரோட இருக்காங்க. போஸ்டர் ஒட்டுன பசங்ககிட்டயே கேளுங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. தங்கச்சிகிட்ட தனியா கேளுங்க, பொண்ணுங்ககிட்ட அம்மாமாரு சொன்னது வேற இருக்கும். அப்பாகிட்ட டீம் கதையை விட்டுட்டு, கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவங்க எப்படி இருந்தாங்கன்னு கேளுங்க, கேட்டுட்டு பேசாம உக்காந்திருங்க, அவரா பேசுவாரு. உங்க ரெண்டு பேரோட சின்ன வயசுக் கோவத்தையும் எழுதுங்க, அதை மறைச்சா அந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் இல்லாத மாதிரி ஆயிடும்.

ரெண்டு பக்கத்துக்குள்ள அடக்காதீங்க, வந்தா பத்துப் பக்கம் வரட்டும். அட்டையில அம்மா பேரு மட்டும் பெருசா. ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், உங்க பழைய ராங்க் கார்டு எல்லாம் தேடிப் பாருங்க, அவங்க கையெழுத்து ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும். கிடைச்சா அந்தக் கையெழுத்தையே அட்டையில அச்சடிச்சிடுங்க. எனக்கு ஒரு காப்பி வேணும், விலாசம் மெயில்ல அனுப்பறேன்.

அன்புடன்,
அக்கா