பெற்றோர் பருமனாக இருந்தால் பிள்ளைக்கும் உடல் பருமன் வந்தே தீருமா? பள்ளியால் தடுக்க முடியுமா?

வந்தே தீரும் என்றில்லை. மரபணு ஆபத்து என்பது எடை எளிதில் கூடும் தன்மை, அவ்வளவுதான். பருமனோடு தொடர்புள்ளதாக 2007-ல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ மரபணுவின் ஒரு வகை உள்ள பிள்ளைகளுக்கு, வயிறு நிறைந்த உணர்வு குறைவு. அதனால் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். ஏற்காடு மலைப்பாதையில் இறங்கும் சைக்கிள் மாதிரி: சரிவு பிறப்பிலேயே வந்தது, பிரேக் பள்ளியிலும் வீட்டிலும் இருக்கிறது.

தினம் 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தால் முதலில் போவது இதுதான். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்பது 2020 விதிமுறை. தட்டுவடை செட் எப்போதாவது இருக்கட்டும். தினசரி குளிர்பானத்தை முதலில் நிறுத்துங்கள், அது பசியை அடக்காமலே சர்க்கரையை ஏற்றும்.

மரபணுப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது தவறு. 5 வயதுக்குள் அடங்காத பசியோடு எடை வேகமாக ஏறும் பிள்ளைக்கே மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார்.