வயிற்றில் தையல் போட்டவர் தைப்பூசக் காவடி எடுக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் கணவருக்கு வயது 54. நவம்பர் தொடக்கத்தில் இரைப்பைப் புண் ஓட்டையாகி, அவசரமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளத் தையல். இரண்டாவது வாரம் சீழ் வைத்து, பலதுறை மருந்தகத்தில் தினமும் கட்டு மாற்றினோம். இப்போது ஆறிவிட்டது. என் மாமியாருக்குத் தையல் போட்ட இடத்திலேயே குடலிறக்கம் வந்து மறுபடி ஆபரேஷன் ஆனது. அந்தப் பயத்தில் இவரைத் தண்ணீர் போத்தல்கூடத் தூக்க விடுவதில்லை, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டையும் கழற்ற விடுவதில்லை. இவரோ ஜனவரி கடைசியில் அலகுக் காவடி எடுப்பேன் என்கிறார். சிகரெட்டையும் விடவில்லை."

காவடிக்கு முதலில் பதில்: இந்த வருடம் வேண்டாம்.

ஆறியிருப்பது தோல். வயிற்றைத் தாங்குவது அதற்குக் கீழே, இரண்டு பக்கத் தசைகளையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் வெள்ளைப் பட்டை. அது மெதுவாகத்தான் கூடும். இரண்டு மாதத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ பாதிதான் வந்திருக்கும். ஒரு வருடம் ஆனாலும் முழுதாகத் திரும்பாது. அந்தப் பட்டை எங்காவது விட்டுக்கொடுத்தால், அந்த இடைவெளியில் குடல் பிதுங்குவதுதான் தையல் குடலிறக்கம். நடு வயிற்றில் திறந்து செய்த ஆபரேஷன்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது வருகிறது. அவசர ஆபரேஷன், சீழ், சிகரெட் மூன்றும் ஆபத்தைக் கூட்டுபவை. உங்கள் வீட்டுக்காரருக்கு மூன்றுமே உண்டு. இருபது முப்பது கிலோ காவடியை ஏற்றிக்கொண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கும் வயிறு இல்லை அது, இப்போதைக்கு. மனம் கேட்கவில்லை என்றால் சின்னதாக ஒரு பால்குடம் எடுக்கட்டும், அதுவும் அறுவை மருத்துவர் சரி என்றால். ஒருவேளைச் சாப்பாட்டு விரதமும் வேண்டாம். புண் ஆறப் புரதம் தேவை. சைவம்தான் என்றால் பருப்பு, தயிர், தவ்வு (சோயாக் கட்டி) தாராளமாகச் சாப்பிடட்டும்.

அதற்காகத் தண்ணீர் போத்தலைப் பிடுங்குவது அதிகம். ஒரு பலமான இருமல் வயிற்றுக்குள் ஏற்றும் அழுத்தம், ஈரச்சந்தைப் பையைத் தூக்கும்போது ஏறுவதைவிட அதிகம். ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்காதீர்கள் என்று அறுவை மருத்துவர்கள் நாங்கள் சொல்வதுகூடப் பெரும்பாலும் முன்னெச்சரிக்கைதான். ஆராய்ச்சி ஆதாரம் குறைவு. ஆகவே புளோக்கைச் சுற்றி நடக்கட்டும், சின்னச் சாமான்கள் தூக்கட்டும். நீங்கள் சண்டை போட வேண்டியது சிகரெட்டோடு. அது புண் ஆறும் இடத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, இருமலையும் கொடுக்கிறது. இரைப்பைப் புண்ணுக்கே அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல்மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழும்பக் கூடாது. ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வார்டில் தாதியர் இதைச் சொல்லித் தந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பலர் மறந்துவிடுகிறார்கள். மலச்சிக்கல் வந்து முக்கவும் விடாதீர்கள்.

பெல்ட் வலியைக் குறைக்கும், நடக்கத் தைரியம் தரும். குடலிறக்கத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வலி இல்லாவிட்டால் கழற்றிவிடலாம், தூங்கும்போது கண்டிப்பாக.

இனிமேல் ஆபரேஷனுக்குப் போகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தடுப்பு வேலையில் பெரும்பகுதி அறுவை மேசையிலேயே முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் பெரிய தையலாகப் போடுவோம். 2015இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கித் தைத்தவர்களில் ஓராண்டில் 13 விழுக்காட்டினருக்கே குடலிறக்கம் வந்தது. பெரிய தையல் போட்டவர்களில் 21 விழுக்காடு. இருபது சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது எண்பது சென்டிமீட்டர் நூல் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். உடல் பருமன் போன்ற ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குச் சில சமயம் தைக்கும்போதே அந்த இடத்துக்குப் பலமாக ஒரு செயற்கை வலையும் வைப்பதுண்டு. திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

உங்கள் கணவருக்கு வருவோம். மாதம் ஒருமுறை நின்றபடி தழும்பின்மேல் கையைப் பரப்பி வைத்து இருமிப் பார்க்கட்டும். விரலுக்கு அடியில் ஏதாவது முட்டினால், படுத்ததும் அது மறைந்துவிட்டால், அவசரம் இல்லை; ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வருடங்களில் தெரியும் என்பதால் அதுவரை இந்தப் பழக்கம் இருக்கட்டும். வீக்கம் உள்ளே போகாமல் கல்லுபோல் நின்று, வலியும் வாந்தியும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள்.