நிரைக்கு நிரை கேட்ட பாட்டு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். பழைய இசை நாடகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டாளிகள் நால்வரும் படித்தோம். சனிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு, மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்து நள்ளிரவு வரை அந்தப் படத்தைப் பேசித் தீர்ப்பது எங்கள் வழக்கம். உங்கள் கட்டுரையால் அந்த மேசையில் சண்டையே வந்துவிட்டது.

மேடையில் பாட்டுதான் நாடகம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ‘ஹரிதாஸ்’ படத்தைக் கைப்பேசியில் போட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ரெண்டு வார்த்தை பேசுகிறார்கள், உடனே பாட்டு. ‘கைதி’யில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, கண்ணை எடுக்க முடிந்ததா? தமிழ்ப் படம் பாட்டை உதறிய பிறகுதான் வளர்ந்தது என்பது என் கட்சி. கூட்டாளி ஒருவன் மட்டும், “அப்படின்னா லப்பர் பந்துல அந்தப் பாட்டு வந்தப்ப நீ ஏன்டா விசில் அடிச்ச?” என்று மடக்குகிறான். இருந்தாலும் கேட்கிறேன்: தோட்டத்தில் விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, அதனால் பார்த்தார்கள். எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கூட்டாளி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ‘லப்பர் பந்து’ 2024இல் வந்த படம். அதில் கெத்து என்கிற கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது ஒலிப்பது 1989இல் வந்த விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு. அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த மனிதர் யாருடைய ரசிகர், அவருக்கு எதில் பெருமை, ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்று சொல்ல இன்னும் நாலு காட்சி வேண்டியிருக்கும். பாட்டு அதை ஒரு நொடியில் முடித்துவிட்டது. நீங்கள் விசில் அடித்தது அதற்குத்தான்.

பாட்டில்லாத படம் நேற்றுப் பிறந்ததும் இல்லை. 1954லேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை ஒரு பாட்டும் வைக்காமல் எடுத்துவிட்டார். சிவாஜி நடித்த படம். ‘கைதி’ எனக்கும் பிடித்தது. அந்த ஓட்டத்தில் பாட்டு வந்திருந்தால் நானும் எரிச்சல்பட்டிருப்பேன். ஆனால் அதிலிருந்து, பாட்டு இல்லாததுதான் வளர்ச்சி என்கிற முடிவுக்குப் போகிறீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மேடையில் பாட்டு என்ன வேலை செய்தது என்பதை ‘வள்ளி திருமண’த்தை வைத்தே சொல்கிறேன். நம் தோட்டங்களில் அதிகம் போட்ட நாடகங்களில் ஒன்று அது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. தூத்துக்குடிப் பக்கம் 1867இல் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். நாரதர் வருகிறார். முருகனைக் கட்டிக்கொள் என்கிறார். அவள் உடனே தலையாட்டுகிற பெண் கிடையாது, எதிர்க்கேள்வி போடுகிறாள். அவர் ஒரு பாட்டில் கேட்க, இவள் ஒரு பாட்டில் மறுக்க, நடுவில் வசனத்தில் ஒருவரையொருவர் மடக்க, இது மணிக்கணக்கில் போகும். தர்க்கம் என்றே அதற்குப் பெயர். ஸ்பெஷல் நாடகத்தில் நாரதர் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாயக வேடம் கட்டுகிற ராஜபார்ட் வேறொரு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கவே மாட்டார்கள். பாட்டுகள் எல்லாருக்கும் பாடம், ஆனால் இன்று இரவு எதிராளி எந்தக் கேள்வியை எடுப்பான் என்பது தெரியாது. ஹார்மோனியக்காரர் ஒருவர்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு போவார். கூட்டம் விடியும்வரை உட்கார்ந்தது யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று பார்க்க. உங்கள் மாமாக் கடை மேசைதான் அது, சுருதி சேர்ந்த மேசை.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்பதால் நாலரை, ஐந்து கட்டை என்று உச்சமான சுருதியில் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தக் குரலில் வந்தவர்கள். கிட்டப்பா 1933இல், 27 வயதில் போய்விட்டார். அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் தமிழ்ப் படப் பாட்டு எப்படியெல்லாம் ஆகியிருக்கும் என்று நான் பல இரவு நினைத்திருக்கிறேன்.

“வேறு பொழுதுபோக்கு இல்லை, அதனால் பார்த்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இந்த வரி என்னை வருத்தியது. என் தாத்தா நம் ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். ஸ்த்ரீபார்ட், அதாவது பெண்வேடம் கட்டுவார். வள்ளி அவர்தான். 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதைத் தொட்டு அவசரகாலம் வந்ததையும் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1960 வரை அது நீடித்தது. தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். இருட்டினால் வெளியே கால் வைக்கக்கூடாது. ராத்திரி நாடகம் எங்கே நடக்கும்? பல வருடம் எங்கள் தோட்டத்தில் திருவிழா பகலோடு முடிந்தது என்பார் அம்மா.

ஆனால் ஒத்திகை நிற்கவில்லை. பால் வெட்டும்போது கை வேலையாக இருக்கும், வாய் சும்மாதானே இருக்கும். தாத்தா ரப்பர் மரங்களின் ஒரு நிரையில், நாரதர் வேடம் கட்டுகிறவர் அடுத்த நிரையில். விடிந்தும் விடியாத கருக்கலில், நெற்றியில் விளக்கோடு, மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே ஒருவர் கேட்பார், ஒருவர் மறுப்பார். அம்மாவுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் பின்னாலேயே போனவர். மேடை இல்லை, திரை இல்லை, எப்போது போடப்போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் தினமும் பாடினார்கள். வேறு வழியில்லாமல் பாடியவர்களா அவர்கள்? நாரதரிடம் தோற்கக்கூடாது என்று வள்ளி ராத்திரியெல்லாம் பதில் யோசித்துவிட்டு வருவாளாம். இப்படித்தான் சொல்வார் அம்மா, தாத்தா என்று சொல்லமாட்டார், வள்ளி என்பார்.

இனி படத்துக்கு வருகிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் ‘பவளக்கொடி’ நாடகத்தில் சேர்ந்து நடித்தவர்கள். அவர்களையே வைத்து கே. சுப்பிரமணியம் 1934இல் அதைப் படமாக்கினார். 50 பாட்டு. நாடகக் கொட்டகையைத் தூக்கித் திரைக்குள் வைத்த மாதிரி. (நம் பக்கத்திலும் இதே கதைதான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்துப் பினாங்கில் பங்சாவான் என்கிற மலாய் இசை நாடகம் பிறந்தது. 1930களில் சிங்கப்பூரில் மலாய்ப் படம் எடுக்கத் தொடங்கியபோது முன்னால் வந்து நின்றவர்கள் பங்சாவான் நடிகர்கள். இயக்கிய பி.எஸ். ராஜ்ஹான்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. நீங்கள் முக்கால் மணியில் நிறுத்திய இடம் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெற்றோரை வீட்டைவிட்டு விரட்டியவன் மனம் திரும்பி ‘அன்னையும் தந்தையும் தானே’ என்று பாடுகிற இடத்துக்கு நீங்கள் போகவில்லை என்பது நிச்சயம். போயிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த மனமாற்றத்தை வசனத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? அவ்வளவு ஆட்டம் போட்டவன் “தப்பு செய்துவிட்டேன்” என்றால் நாம் எழுந்து போய்விடுவோம். பாபநாசம் சிவனின் வரிகளை பாகவதர் பாடப் பாட, அந்த நேரத்துக்குள்ளேயே அவன் மாறுகிறான், நாம் பார்க்கிறோம். கதை பாட்டுக்காக நிற்கவில்லை, பாட்டுக்குள் நடக்கிறது.

பிறகு அது எங்கே அறுந்தது? உங்கள் எரிச்சலில் நியாயம் உள்ள இடம் இதுதான். 1938இல் ஏவி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரலைக் கொண்டுவந்தார். தொண்டை ஒருவருடையது, வாயசைப்பு ஒருவருடையது என்று ஆனது. அதனால் நமக்குக் கிடைத்த குரல்களுக்குக் கணக்கே இல்லை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாடுகிறவர் அந்த இடத்தில் நின்று பாடவேண்டிய கட்டாயம் போய்விட்டது. பாட்டை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் எடுக்கலாம். காலப்போக்கில், கதை நம் ஊரில் நடக்கும், பாட்டுக்கு மட்டும் பனிமலைக்குப் போவார்கள். நம் நாட்டு இரட்டைக் கோபுரத்துக்கு முன்னாலும் வந்து ஆடினார்கள். திரும்பி வரும்போது கதை விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட பாட்டுகளில் எழுந்து வெளியே போய் வந்தவர்கள்தான் நாம் எல்லாரும். நீங்கள் வெறுப்பது அந்தப் பாட்டை, தம்பி. அதன் பழியை ஹரிதாஸ் மேல் போடாதீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘ஜமா’ பார்த்தீர்களா? அதுவும் 2024தான், பாரி இளவழகன் இயக்கி நடித்தது, இளையராஜா இசை. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு, அதில் பெண்வேடம் கட்டுகிற கல்யாணம் என்கிற இளைஞன். வேடத்தின் நளினம் உடம்பிலேயே தங்கிவிட்டதால் ஊர் அவனை ஏளனம் செய்கிறது. அர்ச்சுனன் வேடம் கட்டவேண்டும் என்பது அவன் ஆசை. கூத்து வேறு, நம் தோட்டத்து இசை நாடகம் வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் முகத்தில் நான் தாத்தாவைத்தான் பார்த்தேன். அரிதாரத்தோடு அவன் வாய் திறந்து பாடும்போது, பகலெல்லாம் அவன் விழுங்கிய பேச்சு அத்தனையும் வெளியே வருகிறது. சமீபத்தில் பார்த்த படங்களில் என்னை அழவைத்தது அது ஒன்றுதான். நீங்கள் நால்வரும் அந்தப் படத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவைக் கொடுங்கள்.

‘ஹரிதாஸை’ கைப்பேசியில் தனியாகப் பார்க்காதீர்கள். அது நூறு பேர் நடுவில் உட்கார்ந்து பார்க்க எடுத்த படம். என் வீட்டில் பெரிய திரை இருக்கிறது. கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பசியாறிவிட்டு உட்காரலாம். தாத்தாவின் ஹார்மோனியப் பெட்டியும் இருக்கிறது, துருத்தி கிழிந்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது 78. நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடுகிறது. வள்ளியின் பதில்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. அடுத்த நிரையில் நின்றவர் போய்ப் பல வருடம் ஆகிறது, கேட்க ஆளில்லை. நாரதர் கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். உங்களில் யாராவது ஒருவர் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்.