சுகமான வாழ்க்கையைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாமா?

கூடாது என்பதே என் பதில். ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருப்பதால், இந்தத் தொடர்கள் மாணவர்களின் எழுத்தில் இடம் மாறி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். தேர்வுக்கான கையேடுகள் இவை எல்லாவற்றுக்கும் நேராக ‘சொகுசான வாழ்க்கை’ என்று ஒரே பொருளை எழுதிவிடுகின்றன. ஆனால் அந்தச் சொகுசு எப்படி வந்தது, அதைச் சொல்பவர் மெச்சுகிறாரா, ஏங்குகிறாரா, எச்சரிக்கிறாரா என்பதெல்லாம் ஒவ்வொரு தொடருக்குள்ளும் பதிந்து கிடக்கிறது.

பணி ஓய்வு பெறும் ஆசிரியை ஒருவருக்கு வாழ்த்துரை எழுதிய என் மாணவி, ‘இனி உங்கள் வாழ்க்கை ப்ரிம்ரோஸ் பாத் ஆக அமையட்டும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். ப்ரிம்ரோஸ் என்பது இங்கிலாந்தில் வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் வெளிர்மஞ்சள் பூ. பூ மலர்ந்த பாதை என்றால் நல்வாழ்த்துதானே என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், தனக்கு ஒழுக்கத்தைப் போதித்துவிட்டுப் பிரான்சுக்குப் புறப்படும் அண்ணன் லேயர்ட்டீஸிடம் ஒஃபீலியா சொல்வது வேறு: எனக்குச் சொர்க்கத்தின் முள் நிறைந்த செங்குத்தான வழியைக் காட்டிவிட்டு, நீ மட்டும் சிற்றின்பத்தின் ப்ரிம்ரோஸ் பாதையில் நடந்துவிடாதே. ‘மாக்பெத்’ நாடகத்தின் வாயிற்காவலனோ, அந்தப் பாதை அணையாத நெருப்பில் போய் முடிகிறது என்றே சொல்லிவிடுகிறான். ஆகவே இது அழிவை நோக்கி இனிதாக இழுத்துச் செல்லும் வழி. வாழ்த்தில் வைக்கத் தகாத தொடர்.

‘பெட் ஆஃப் ரோசஸ்’ என்னும் ரோஜாப் படுக்கையின் கதை சற்று மாறுபட்டது. 1593இல் மறைந்த கிறிஸ்டோபர் மார்லோவின் கவிதையில் ஓர் ஆயன் தன் காதலியிடம், உனக்கு ரோஜாப் படுக்கைகள் அமைத்துத் தருவேன் என்று வாக்களிக்கிறான். அங்கே அது முழு இன்பம். இன்றைய ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் எதிர்மறையிலேயே வருகிறது. ‘வாழ்க்கை ரோஜாப் படுக்கை அன்று’ என்பதுதான் இயல்பான வழக்கு. ‘பியர் அண்ட் ஸ்கிட்டில்ஸ்’ என்பதும் அப்படியே. ஸ்கிட்டில்ஸ் என்பது மதுக்கடைகளில் மரக்கட்டைகளை நிறுத்தி, பந்தை உருட்டி அவற்றை வீழ்த்தும் விளையாட்டு. 1836-37இல் தொடராக வெளிவந்த டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில், கடனாளிகளின் சிறையைப் பற்றிப் பேசும் வேலைக்காரன் சாம் வெல்லர், பியருக்குப் பதிலாகப் போர்ட்டர் என்னும் மதுவைச் சேர்த்து இதே போன்ற ஒரு தொடரைச் சொல்கிறான். சோம்பேறிகளுக்குச் சிறையும் விடுமுறைதான், உழைத்துப் பிழைக்க விரும்பியவர்களே அங்கே நொந்துபோகிறார்கள் என்பது அவன் வாதம்.

விவிலியத்திலிருந்து வந்தவற்றைத் தமிழர் பலர் தமிழ் வடிவிலேயே அறிந்திருப்பார்கள். பஞ்ச காலத்தில் யோசேப்பின் குடும்பத்தை எகிப்துக்கு அழைக்கும் பார்வோன், ‘தேசத்தின் கொழுமையைச் சாப்பிடுவீர்கள்’ என்கிறான். ஆங்கிலத்தில் அதுவே ‘ஃபேட் ஆஃப் த லேண்ட்’. ஆதியில் அது அன்பான விருந்தோம்பல். இப்போதோ, பாடுபடாமல் நன்றாகத் தின்று வாழ்கிறார் என்ற குறிப்பும் பல இடங்களில் சேர்ந்துகொள்கிறது. லூக்கா நற்செய்தியில், விளைச்சலைச் சேர்த்துவைக்கப் பெரிய களஞ்சியங்கள் கட்ட எண்ணிய செல்வந்தன் தன் ஆத்துமாவிடம் ‘புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு’ என்று சொல்லிக்கொண்ட அதே இரவில் அவன் உயிர் கேட்கப்படுகிறது. ‘ஈட், ட்ரிங்க் அண்ட் பி மெர்ரி’ என்று ஆங்கிலேயர் விருந்துகளில் மகிழ்ச்சியாகவே சொல்கிறார்கள் என்றாலும், ‘நாளைக்குச் சாவோம்’ என்ற ஏசாயாவின் வரி அதன் பின்னால் ஒலிப்பதை உணர்ந்தவர்கள் இரங்கல் வீட்டிலோ நோயாளியின் முன்னிலையிலோ அதைச் சொல்லமாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இன் க்ளோவர்’. க்ளோவர் என்பது மூன்று இலைகள் சேர்ந்த தீவனச் செடி. நம் ஊரில் கால்நடை வளர்ப்போர் அறிந்த குதிரைமசாலுக்கு உறவான பயறு இனம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் அதன் இலையில் புரதம் மிகுதி. அந்தப் பசுமைக்குள் அவிழ்த்து விடப்பட்ட மாடு எப்படி மனநிறைவோடு மேயுமோ, அப்படி வாழ்கிறார் என்பதே இத்தொடரின் பொருள். இதில் பொறாமையும் இல்லை, கண்டனமும் இல்லை. ஈரமான க்ளோவரை அளவுக்கு மீறி மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் மொழி அந்த அச்சத்தைத் தனக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. என் மாணவிக்கு இதைத்தான் பரிந்துரைத்தேன், குறிப்பாகப் பண நெருக்கடி தீர்ந்த வாழ்வைக் குறிப்பதற்கு.

‘லைஃப் ஆஃப் ரைலி’ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியது. ரைலி ஓர் ஐரிஷ் குடும்பப் பெயர். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் பிறரைச் சொல்லும்போது வருகிற அதே ஏக்கம் கலந்த தொனி இதற்கு உண்டு. ‘ஹை ஆன் த ஹாக்’ என்பதும் அமெரிக்க வழக்கே: பன்றியின் முதுகுப் பக்கத்து மென்மையான இறைச்சி விலை கூடியது, காலும் அடிப்பகுதியும் மலிவானவை. ஆகவே மேல்பகுதியை உண்பவர் வசதியாக வாழ்பவர் என்று பொருள்.

கடைசியாக, ‘லோட்டஸ் ஈட்டர்’ என்பதைத் ‘தாமரை உண்பவர்’ என்று மொழிபெயர்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஹோமரின் ‘ஒடிசி’ ஒன்பதாம் காண்டத்தில் வரும் லோட்டஸ், தேன்போல் இனிக்கும் ஒரு கனி. அதை உண்ட மாலுமிகள் ஊர் திரும்பும் நினைவையே இழந்துவிட, ஒடிசியஸ் அழும் அவர்களை இழுத்துவந்து கப்பலின் இருக்கைகளுக்கு அடியில் கட்டிப்போடுகிறான். தன் கடமைகளை முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒருவரை இப்பெயரால் அழைத்தால், அவர் கடமையை மறந்து மயங்கிக் கிடக்கிறார் என்று பழி சொன்னதாகிவிடும்.