அப்பா அம்மாவைப் படகுல கூட்டிட்டுப் போலாமா?

தம்பி, நீ கேட்டது இது: சிகாகோ வந்து ஆறு மாசம் ஆச்சு, ஜூலையில பேரணாம்பட்டுல இருந்து அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற நேவி பியர் துறைப் பக்கம் ராத்திரி படகுல ஏத்திட்டுப் போய் வாணவேடிக்கை காட்டறாங்களாமே, அது காசுக்குத் தகுமா, இல்ல கரையிலயே ஓசியில பாத்துட்டு வந்துடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குத் தண்ணின்னா பயம்னும் எழுதியிருந்த.

நீ கேட்ட நேரம் பாரு, நான் லீவுல குடியாத்தம் வந்திருக்கேன். முந்தாநேத்துதான் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கவுண்டன்யா ஆத்தங்கரையில ராத்திரி விட்ட வாணத்தோட மருந்து வாசனை மாடியில காயப்போட்ட போர்வையில இன்னும் போகல. எங்கம்மா பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டிருக்காங்க. 2022-ல அவங்க சிகாகோ வந்தப்ப அந்தப் படகுல கூட்டிட்டுப் போனவ நான். சாட்சி பக்கத்துலயே இருக்கறதால கேட்டுக் கேட்டே எழுதறேன்.

போ. ஆனா சனிக்கிழமை வேணாம், புதன்கிழமை போ. வெறும் வாணவேடிக்கை பாக்கறதுதான் நோக்கம்னா படகுக்குக் காசு குடுக்காத, கரையே போதும்.

முதல்ல கரைக் கதை. மே கடைசியில மெமோரியல் டே வாரம் தொடங்கி செப்டம்பர் முதல்ல வர்ற லேபர் டே வரைக்கும் வாரம் ரெண்டு நாள் வாணம் விடறாங்க. புதன் ராத்திரி 9 மணி, சனி ராத்திரி 10 மணி. கரையில நின்னு பாக்க ஒரு பைசா வேண்டாம். சுமார் 10 நிமிஷம் நடக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது முதல்லயே தெரிஞ்சிருக்கணும். குடியாத்தத்துல தீப்பெட்டி ஒட்டியே பிள்ளைங்களை வளத்த வீடு எங்க பாட்டி வீடு. மருந்து, வாணம் விஷயத்துல எங்க ஆளுங்க சுலபத்துல மெச்சிட மாட்டாங்க. சிரசு ராத்திரி மாதிரி நினைச்சுக்கிட்டு அப்பா அம்மாவைக் கிளப்பிக் கொண்டுபோனா, "இதுக்குத்தான் இவ்ளோ தூரமா"ன்னு கேட்டுடுவாங்க. எங்க மாமா கேட்டார்.

சனிக்கிழமை ஏன் வேணாம்னா, அது நான் பட்ட பாடு. 2008. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில நர்சிங் முடிச்சு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. கூட வேலை செய்ற மூணு பேரோட கார்ல கிளம்பினோம். லேக் ஷோர் டிரைவ்லயே முக்கால் மணி நேரம் நின்னோம். அப்புறம் பார்க்கிங்ல இடம் தேடி மாடி மாடியா சுத்தினோம். ஓடிப்போய் படகுத்துறையில நின்னா, எங்க படகு விளக்கு போட்டுக்கிட்டு அந்தப் பக்கமா போயிட்டிருக்கு. அஞ்சு நிமிஷம் லேட். பணம் திரும்பி வராதுன்னு அந்தக் கம்பெனிப் பொண்ணு ரொம்ப மரியாதையா சிரிச்சுக்கிட்டே சொல்லிடுச்சு. பேரு வேணாம். டிக்கெட்லயே பொடி எழுத்துல போட்டிருந்தாங்க, படிக்காதது எங்க தப்பு. அன்னிக்கு வாணத்தை ஒரு குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னுதான் பாத்தோம்.

அதனால கார் எடுக்காத. 29, 65, 66, 124 இந்த நாலு பஸ்ஸும் நேவி பியர் போகும். ஆத்துப் பக்கத்துல ஏர்ற படகுன்னா ரயில்ல ஊர் நடுவுல இருக்கற லூப்புக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்தா போதும். அம்மாவுக்கு நடக்க முடியலன்னா அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஊபர் போட்டுக்க. திரும்பி வரும்போது கூட்டம் மொத்தமா வெளிய வரும், அரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு அப்புறமா கிளம்பு.

எங்க ஏர்றதுங்கறதுதான் இதுல முக்கியம். ஒண்ணு, நேவி பியர்லயே ஏறி நேரா ஏரிக்குள்ள போற படகு. இன்னொண்ணு, மிச்சிகன் அவென்யூ பாலத்துக்குக் கீழ ஆத்துல ஏறி, ரெண்டு பக்கமும் நிக்கற மாடிக் கட்டடங்களைப் பாத்துக்கிட்டே வந்து, லாக்ங்கற தண்ணிக் கதவு தாண்டி ஏரிக்குள்ள போறது. நான் ஆத்துப் படகுதான் எடுக்கச் சொல்வேன். கொஞ்சம் நேரம் கூடும், அதுவே நல்லது. ஆத்துல அலை கிடையாது. உங்கப்பா படகுக்குப் பழகறதுக்குள்ள ஏரி வந்துடும்.

அந்த லாக் இருக்கே, அதுக்காகவே போலாம். சிகாகோ ஆறு முதல்ல ஏரியிலதான் போய் விழுந்துட்டிருந்துச்சு. ஊர்க் கழிவெல்லாம் அதோட ஏரிக்குப் போகும், குடிதண்ணியும் அதே ஏரியில இருந்து. காலரா, டைபாய்டுன்னு ஜனங்க செத்த காலம். கால்வாய் வெட்டி 1900-ல ஆத்தையே திருப்பி விட்டாங்க, இப்ப அது ஏரியை விட்டு வெளிய ஓடுது. ஏரித் தண்ணி ஆத்துக்குள்ள இஷ்டத்துக்குப் பாயாம இருக்க 1930-கள் கடைசியில கட்டினதுதான் இந்தக் கதவு. ஏரி மட்டம் ஆத்து மட்டத்தை விட ரெண்டு அடியில இருந்து அஞ்சு அடி வரைக்கும் உசரமா இருக்கும்.

எங்க படகு உள்ள போனதும் பின்னால கதவு மூடிக்கிச்சு. முன்னாலயும் கதவு. ரெண்டு பக்கமும் ஈரச் சுவர். படகுப் பையன் சுவர்ல தொங்கற கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னான். இஞ்சின் சத்தம் அடங்கிடுச்சு. அம்மா என் கையைப் புடிச்சு, "இன்னாடி, நின்னுடுச்சே, ரிப்பேரா?"ன்னாங்க. சுவரைப் பாரும்மான்னேன். பாசி புடிச்சு ஒரு கோடு இருந்துச்சு, நம்ம இடுப்பு உசரத்துக்கு. பாத்துக்கிட்டே இருக்கும்போது அது முழங்காலுக்கு வந்துச்சு, அப்புறம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. படகு அசையவே இல்ல, ஆனா நாங்க மேல வந்திருந்தோம். "கிணத்துல வாளி ஏர்ற மாதிரி ஏத்திட்டான், கயிறே இழுக்காம"ன்னாங்க. முன்கதவு திறந்துச்சு, காத்து மூஞ்சியில வந்து அடிச்சுது.

ஏரியைப் பாத்ததும் அம்மா கேட்டது, "அக்கரை எங்கடி கீது?" எதிர்க்கரை வேற மாநிலம், கண்ணுக்குத் தெரியாதுன்னேன். சமுத்திரமான்னாங்க. இல்லம்மா, ஏரிதான், நல்ல தண்ணி, வீட்டுல குழாயைத் திறந்தா வர்றது இதுதான்னேன். நேவி பியருக்கு வடக்குப் பக்கம் ஒட்டினாப்போல இருக்கற ஜார்டின் சுத்திகரிப்பு நிலையத்தையும் காட்டினேன். மிச்சிகன் ஏரி 58,000 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டுல பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். அந்தக் கணக்கெல்லாம் அவங்களுக்கு வேண்டியிருக்கல. குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க. வேலூரைப் பத்திச் சொல்ற பழைய கிண்டல் உனக்குத் தெரிஞ்சிருக்கும், தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லா கோட்டை, சாமியில்லா கோயில்னு. கோயிலுக்கு 1981-ல சாமி திரும்ப வந்துட்டார். ஆத்துக்குத்தான் எப்பவாவது வருது. எங்கம்மா கோடையில ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு குடத்துல ஊத்தினவங்க. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப, ஊரே பாலத்து மேல நின்னு பாத்ததையும் அவங்க பாத்திருக்காங்க. அதுக்கு அடுத்த கோடையிலதான் இந்தப் படகு.

வாணம் ஆரம்பிச்சுது. ஏரியில நிறுத்தின தட்டைப் படகுல இருந்து விடறாங்க. தண்ணியில இருந்து பாக்கறதுல ஒரு வித்தியாசம் என்னன்னா, பின்னால மொத்த ஊரும் விளக்கு போட்டுக்கிட்டு நிக்கும், கரையில நிக்கறவங்களுக்கு அது முதுகுப் பக்கம். இன்னொண்ணு சத்தம். பூ விரிஞ்ச அப்புறமாத்தான் வெடி காதுக்கு வரும். சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் சுமாருக்குப் போகுது, மூணு எண்ணினா நீ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கேன்னு அர்த்தம். இடிக்கு எங்கப்பா இப்படித்தான் எண்ணுவார். அந்த வெடி கட்டடங்கள்ல போய் மோதி இன்னொரு தடவை திரும்பி வரும், அது நெஞ்சுலயே தெரியும்.

எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அம்மா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காங்க. மேல பாரும்மா, காசு குடுத்திருக்கேன்னேன். "கீழயும் அதான் தெரியுது, கழுத்து நோவாம"ன்னாங்க. இப்பவும் அதையேதான் சொல்றாங்க, கீரையில இருந்து தலையைத் தூக்காம. வாணம் ஞாபகம் இருக்கான்னு கேட்டா, "பச்சை ஒண்ணு நல்லா இருந்துச்சு, ஆனா நம்ம சிரசுலதான் ஜாஸ்தி"ங்கறாங்க. லாக் கதவைப் பத்திக் கேட்டா கால் மணி நேரம் பேசறாங்க.

ராத்திரி 9 மணின்னா ஊர்ல வியாழக்கிழமை காலையில ஏழரை. ஊர்ல இருக்கற என் கூடப்பொறந்த தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். அவன் பல்லு விளக்கிக்கிட்டே பாத்தான். சிக்னல் ஏரிக்குள்ள கொஞ்ச தூரம் வரைக்கும் நல்லாவே வருது.

இனி சில்லறை விஷயம். ஜூலை 4 அன்னிக்கு மட்டும் வேணவே வேணாம், கூட்டமும் விலையும் ரெண்டும் தாங்காது. வந்து இறங்கின முதல் வாரமும் வேணாம், பகல் பூரா தூங்கி வழிவாங்க. ஜூலை முதல்ல பொழுது சாயறதே எட்டரை மணி கிட்ட, அதனால 9 மணி புதன் ஷோல மேற்கே வெளிச்சம் மிச்சம் இருக்கும், கறுப்பு வானத்துல பாக்கற மாதிரி இருக்காது. ஆகஸ்ட் நடுவுல எட்டு மணிக்கு முன்னாடியே சாய்ஞ்சுடும். அதுவரைக்கும் இருக்கறாங்கன்னா ஆகஸ்ட்ல ஒரு புதனாப் பாத்துப் போடு. காத்து, இடி இருந்தா வாணத்தை நிறுத்திடுவாங்க, படகு மட்டும் கிளம்பும். அப்ப பணம் என்ன ஆகும்னு டிக்கெட் எடுக்கறப்பவே படி, பொடி எழுத்தையும் சேத்து. மூடுபனி இன்னொரு தொல்லை. ஒரு வருஷம் மேகத்துக்குள்ள கலர் கலரா மினுக்குனதை மட்டும் பாத்துட்டு வந்தேன்.

அம்மாவோட முழங்காலுக்கு: மேல் தட்டுக்குப் போற படி செங்குத்தா இருக்கும். கழிவறை கீழதான் இருக்கும். மேல ஏத்திட்டா நடுவுல இறக்கறது கஷ்டம். அரை மணி முன்னாடி போய் கீழ் தட்டுலயே ஓரமா, திறந்த பக்கமா ரெண்டு சீட்டு புடிச்சுக்க. இடம் முந்தினவங்களுக்குத்தான். எந்தப் பக்கம்னு ரொம்ப யோசிக்காத, படகு திரும்பிக்கிட்டேதான் இருக்கும்.

அப்பா பயத்துக்கு நான் சொல்ற வழி, அந்த ஓர சீட்டு அவருக்கு வேணாம், நடுவுல உக்கார வை. லைப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு ஏறினதும் காட்டிடு. நாங்க ஏலகிரி புங்கனூர் ஏரியில மிதி படகுல ஏத்தினப்பவே எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டவர், ஆனா இந்தப் படகு ஆடறது அதை விடக் கம்மி. லாக் தாண்டினதும் கொஞ்சம் தூக்கிப் போடும். வயிறு பொரட்டும்னா இஞ்சி மரப்பா ரெண்டு பாக்கெட்ல வெச்சுக்க. சாப்பாடு முன்னாடியே முடிச்சுக்கோங்க, வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, உள்ள விக்கறது சிப்ஸும் பீரும்தான். நீ நம்ம ஊர்க் கடைங்க இருக்கற டெவன் அவென்யூல சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்னா அங்கருந்து பஸ் நேரம் கணக்குப் பண்ணிக்க, அது ஊரோட வடகோடி.

அப்புறம் குளிர். ஜூலைன்னு நம்பாத. பகல்ல வேத்து ஊத்தும், ஏரிக்குள்ள போனா ராத்திரி பல்லு கிட்டும். எங்கம்மா வேலூர் வெயில்ல பொறந்து வளந்தவங்க, அன்னிக்கு என் ஸ்வெட்டரையும் வாங்கிப் போட்டுக்கிட்டாங்க, நான் நடுங்கிக்கிட்டே வந்தேன். "கம்பளி எட்னு போகச் சொல்லு அந்தப் புள்ளைய"ன்னு இப்பகூட சொல்றாங்க. ஜூன் 20 வாக்கில நான் சிகாகோ திரும்பிடுவேன். வீட்டுல ரெண்டு கம்பளி சும்மா கிடக்கு. வாங்க வேணாம், வந்து எடுத்துட்டுப் போ.