போர்ட் திறந்தும் வெளியிலிருந்து ஜெல்லிஃபின் வரவில்லையா? வான் ஐபியைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ரவுட்டரில் 8096 போர்ட்டை (உள்ளே வரும் வாசல் எண்) சர்வரின் 192.168.1.20 முகவரிக்குத் திருப்பிவிட்டும், வீட்டு வைஃபையில் ஓடும் ஜெல்லிஃபின் (வீட்டு சர்வரில் உள்ள படங்களைப் பார்க்க உதவும் மென்பொருள்) மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதிய விதி சரிதான், அதை மறுபடி அழித்து எழுத வேண்டாம்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி, இருக்கும். அப்புறம் அதே வீட்டு இணைப்பில், ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எண்கள் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், அது சிஜிநாட். ஐபிவி4 முகவரிகள் போதாததால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஏற்பாடு. அந்த 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து வருவது இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டரைத் தொடவே தொடாது. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தேன்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், முன்னால் இருக்கும் ஃபைபர் மோடமும் ரவுட்டராக வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றினால் போதும்.

சிஜிநாட் என்றால், பொது ஐபி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். வீட்டார் மட்டும் பார்ப்பதற்கு நான் டெயில்ஸ்கேலைத்தான் (உங்கள் கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் செயலி) சொல்வேன். சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். இரண்டு கருவிகளும் உள்ளிருந்து வெளியே இணைவதால் சிஜிநாட் தடுக்காது, எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை. அது தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும், குழம்பிவிடாதீர்கள்.

இரண்டு ஐபியும் ஒன்றாகவே இருந்தால் சர்வரின் ஃபயர்வால் (உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு) தடுக்கிறதா என்று பாருங்கள். என்ன எண் வந்தது என்று, கடைசி இரண்டு பகுதிகளை மறைத்து, இங்கே எழுதுங்கள்.