அரை லட்சம் ரூபாய்க்கு ஒரு நிமிடம்

கேள்வி: ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 31. கோவாவில் நடக்கும் டிரையத்லான் போட்டிக்குத் தயாராகிறேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். சைக்கிளில் மணிக்கு 30 கி.மீ. சராசரி வருகிறது. பின் கியரின் கீழே தொங்கும் இரண்டு சிறு பல்சக்கரங்களை எடுத்துவிட்டு, செராமிக் பேரிங் வைத்த பெரிய பல்சக்கரங்களை மாட்டினால் வேகம் கூடும் என்கிறார்கள். அரை லட்சம் ரூபாய் ஆகும். கடன் வாங்கியாவது போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கடன் வாங்கி வேண்டவே வேண்டாம்.

உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. செயின் ஒரு பல்சக்கரத்தில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தில்தான் உராய்வு பிறக்கிறது. சக்கரம் பெரிதானால் மடக்கம் குறையும், உராய்வும் குறையும். ஆனால் செயின் எவ்வளவு விறைப்பாக இழுபடுகிறது என்பதும் கணக்கில் உண்டு. உங்கள் மிதி முழுவதையும் தாங்குவது செயினின் மேல்பகுதி. அந்தச் சிறு சக்கரங்கள் இருப்பதோ கீழ்ப்பகுதியில். அங்கே ஒரு ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டுமே. முதலிலேயே இழப்பு குறைவாக உள்ள இடத்தில் மிச்சம் பிடிக்கத்தான் அரை லட்சம் கேட்கிறார்கள்.

கணக்குப் போடுவோம். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 150 வாட் மிதிக்கிறீர்கள். சுத்தமான செயினும் கியரும் அதில் நான்கைந்து வாட்டைத் தின்கின்றன. பெரிய சக்கரம் மிச்சப்படுத்துவது தாராளமாக வைத்தாலும் இரண்டு வாட். 90 கி.மீ. தூரத்துக்கு, மூன்று மணி நேரத்தில், ஒரு நிமிடம்கூட முழுதாகக் குறையாது. வழியில் ஒரு பஞ்சர் ஆனால் டியூப் மாற்றவே அதைப்போல ஐந்து பங்கு நேரம் போய்விடும்.

சென்ற மாதம் இதே ஆசையோடு ஓர் இளைஞர் தம் சைக்கிளை என்னிடம் காட்ட வந்தார். விலை உயர்ந்த சைக்கிள். செயினில் விரல் வைத்தேன், கரும்பசை ஒட்டியது. கட்டைவிரலால் தேய்த்தபோது நறநறவென்று மணல். திசையன்விளைப் பக்கம் போய்வந்தீர்களா என்றேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் போனதாகச் சொன்னார். தேரிக்காட்டுச் செம்மணல் எண்ணெயில் குழைந்து ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் அரம்போல வேலை செய்துகொண்டிருந்தது. பெரிய சக்கரம் தரும் இரண்டு வாட்டைவிட அதிகமாக அந்த அழுக்கு தினமும் விழுங்கியிருக்கும். செயினையும் பல்லையும் சேர்த்தல்லவா அராவியிருக்கும்!

என் சிறுவயதில் வண்ணார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்களைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். அவர் செய்ததன் இன்றைய வடிவம் மெழுகுக் குளியல். புதுச் செயினில் வரும் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். பாரஃபின் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். செயினைக் கம்பியில் கோத்து அதில் முக்கி அசைத்தால் கண்ணிகளுக்குள்ளிருந்து குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை விட்டு, எடுத்துத் தொங்கவிடுங்கள். ஆறியதும் குச்சிபோல விறைத்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கினால் படபடவென்று உடைந்து இளகிவிடும். உலர்ந்த மெழுகில் மணல் ஒட்டாது. வறண்ட சாலையில் 300 கி.மீ. வரை தாங்கும். குற்றாலச் சாரலில் நனைந்தால் மட்டும் அன்றே துடைத்து மறுபடி முக்குங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

இனி, மீதி வாட்டெல்லாம் எங்கே போகின்றன? பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு வரை ஆடி மாதத்தில் ஒரு நாள் மிதித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து அத்தனை காற்றாலைகளையும் சுற்றவைக்கும் அதே காற்றுதான் உங்கள் நெஞ்சிலும் வந்து மோதுகிறது. காற்றே இல்லாத நாளிலும் 30 கி.மீ. வேகத்தில் உங்கள் உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. அதில் பெரும்பகுதியைத் தடுத்து நிற்பது சைக்கிள் அல்ல, உங்கள் உடம்பு. முழங்கையை ஊன்றிக் குனியும் ஏரோபார் மாட்டி, அந்த நிலையில் மூன்று மணி நேரம் முதுகு வலிக்காமல் இருக்கப் பழகினால் பத்து வாட்டுக்கு மேல் மிச்சம். மட்டமான டயரை மாற்றி நல்ல டயர் போட்டால் இன்னும் பத்து வாட் வரை கிடைக்கலாம். எல்லாம் சேர்ந்தும் நீங்கள் சொன்ன தொகையில் பாதிக்குள் அடங்கும்.

கியரில் காசு போடவே கூடாதா என்றால், ஒன்றுக்குப் போடலாம்: மேடு ஏறும்போது மூச்சுத் திணறிப் பெடலை அழுத்துகிறீர்கள் என்றால், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் உள்ள கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு, போடுங்கள். அது தொடையைக் காப்பாற்றும். சைக்கிளில் தொடை வெந்துபோனவர் அடுத்து வரும் 21 கி.மீ. ஓட்டத்தில் இழப்பது நொடிகளை அல்ல, பத்து இருபது நிமிடங்களை. பட்டனை அழுத்தினால் மாறும் மின்னணுக் கியர் ஏரோபாரில் குனிந்தவாறே கியர் மாற்ற வசதியானதுதான். கையில் காசு மிஞ்சினால் பிறகு பார்க்கலாம்.

நீச்சலைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே என்பதுதான் எனக்குக் கவலை. கோவாவில் நீந்தப்போவது கடலில். தாமிரபரணியில் நீந்திப் பழகிய கை அலையில் திசை தடுமாறும். நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் சில மாதம் செல்லுங்கள், துணையோடு மட்டும் கடலில் இறங்குங்கள்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். ஓர் அடி ஸ்கேலைச் செயின்மேல் வைத்து, கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவைச் சுழியத்தில் நிறுத்துங்கள். புதுச் செயினில் இருபத்து நான்காவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் விழும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால், முதலில் வாங்கவேண்டியது புதுச் செயின். அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.